எட்டாவது தகடு

அணைத்து வைத்திருந்த ரேடியோவில் செய்தி வாசித்தார்கள்.

தனபாலன் முதலில் நம்பவில்லை. மயிலாப்பூரில் கால்வாய்க் கரையோரம் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன் காதில் ஒரு நாளைக்கு விழுகிற சத்தங்களை எழுதி வைப்பதென்றால் கபாலி கோயில் குளத்தையே மைக்கூடாக்கினாலும் போதாது. பக்கத்து ஷெட்டில் டிங்கர் வேலை செய்கிற பீர் முஹம்மது பாய் மட்கார்டைத் தட்டி நிமிர்த்துகிற சத்தம், எதிரே ஜவஹரின் டீக்கடையில் கிளாஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கிற சத்தம், கச்சேரி ரோட்டில் பஸ் திரும்புகிற சத்தம். இத்தனைக்கும் நடுவில், ரிப்பேருக்கு வந்து எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வெள்ளைக் காருக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அச்சடித்த மாதிரித் தமிழில், நிதானமாகப் பேசியது.

"டிங்கர் பீர் முஹம்மதுவின் இடது கட்டைவிரல் நகம் இன்று பிற்பகல் கழன்றது."

தனபாலன் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான். ரேடியோவின் விளக்கு எரியவில்லை. குமிழ் அணைத்தபடியே இருந்தது. வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று சிரித்துக்கொண்டு ஒரு டீ சொன்னான். டீ வருவதற்குள் பாயின் சுத்தியல் தடம் மாறி விழுந்தது. பாய் போட்ட சத்தத்தில் கால்வாயில் படுத்திருந்த எருமைகள் எல்லாம் எழுந்து நின்றன.

அது திங்கட்கிழமை.

கார் அமெரிக்கக்காரர் ஒருவருடையது. அவர் ஊருக்குத் திரும்பும்போது தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அய்யாதுரை அண்ணாச்சிக்கு விற்றுவிட்டுப் போனார். இரண்டே சீட், எட்டு சிலிண்டர், நின்ற இடத்திலேயே ஒரு தெருவை அடைத்துக்கொள்கிற நீளம். பாடி இரும்பு இல்லை, ஃபைபர். ப்ளக்கில் தெறிக்கிற பொறி ரேடியோவுக்குள் போய்க் கரகரக்காமல் தடுக்க இரும்பு பானெட் கிடையாது என்பதால், காரைக் கட்டியவன் எட்டு ப்ளக்குக்கும் எட்டுத் தகடு மூடி போட்டிருந்தான். ப்ளக் ஒயர்கள் உரசாமல் பிடித்துக்கொள்ள நான்கு பிராக்கெட்டும் வைத்திருந்தான்.

போன மாதம் எஞ்சினைப் பிரித்துக் கோத்தபோது தனபாலன் அவற்றைத் திரும்ப மாட்டவில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது, அதுதான் வழக்கம். ஓவர்ஹால் முடிந்ததும் மிஞ்சுகிற சாமான் கோணிப்பைக்குப் போகும். "வண்டி ஓடுதா? ஓடுது. அப்பால அது இன்னாத்துக்கு?" மயிலாப்பூர் ஷெட்டுகளில் இருக்கிற கோணிகளை எல்லாம் கொட்டிச் சேர்த்தால் நூறு கார் செய்து, அவற்றை ஏற்றிப் போக ஒரு கப்பலும் செய்துவிடலாம்.

பத்தாம் நாள் அண்ணாச்சி காரைத் திருப்பிக் கொண்டுவந்தார். "என்னவே தனபாலா, ரேடியோவைப் போட்டா கடலை வறுக்க மாதிரில்லா கேக்கு! அந்த மனுசன் வச்சிருந்த மட்டும் வீணை மாதிரிப் பாடுச்சு."

"மூடி மாட்டணும் அண்ணாச்சி. ரெண்டு நாள் குடுங்க."

அந்த இரண்டு நாளின் முதல் நாளில்தான் பாயின் நகம் போனது. செவ்வாய்க்கிழமை கார்புரேட்டரைச் சரிபார்க்க எஞ்சினைப் போட்டபோது குரல் மறுபடி வந்தது. "ஜவஹர் டீக்கடையின் பாய்லர் இன்று மாலை வெடித்து" என்று அது ஆரம்பித்ததும் தனபாலன் பாய்ந்து சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது. குரலும் பாதியில் அறுந்தது. சாயங்காலம் டீக்கடை பாய்லர் நிறைமாத வயிறு போல உப்பியது. உப்பி, அப்படியே நின்றது. வெடிக்கவும் இல்லை, வற்றவும் இல்லை. ஜவஹர் வேறு பாய்லர் வாங்கினான். உப்பியதைப் பார்க்க மந்தைவெளியிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். தனபாலன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குரல் சொல்லி முடித்தால் நடந்து முடிகிறது. முடிக்காவிட்டால் முடிவதில்லை. அவனுக்கு அது போல்ட்டும் நட்டும் போலத் தெளிவாகப் பொருந்தியது. அன்றிரவு சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி தங்கம், "இன்னாய்யா, சோத்துக்கு டியூனிங் பண்றியா?" என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். சிரித்தால் ஊருக்கே சொல்லுவாள்.

புதன்கிழமை அறுபத்துமூவர் உற்சவம். பங்குனி வெயிலில் மெட்ராஸே மாட வீதிகளுக்குள் வந்து சொருகிக்கொண்டிருந்தது. ஒரு எள்ளைப் போட்டால் அது தரைக்கு வர மூன்று நாளாகும் என்கிற கூட்டம். ஜவஹர் கடையைச் சாத்திவிட்டான். தங்கம் தலைக்குக் குளித்து, பின்னிப் பூ வைத்து, மோர்ப் பந்தலில் மோர் ஊற்ற மத்தியானமே போய்விட்டாள். கால்வாய்க் கரையில் ஆளே இல்லை. சேற்று நாற்றமும் தூரத்து நாகஸ்வரமும் மட்டும் ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே தேங்கிக் கிடந்தன.

நாலரை மணிக்குத் தனபாலன் கோணியைக் கவிழ்த்தான். எஞ்சினைப் போடாமலே எல்லாவற்றையும் மாட்டிவிடுவது, அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பிக் காரைத் தொலைத்துத் தலை முழுகுவது. திட்டம் அவ்வளவுதான். முதலில் நான்கு பிராக்கெட். இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். எஞ்சினுக்கு அடியில் கையை விட்டு, கண் தெரியாத இடத்தில் விரல் நுனியால் மரையைத் தேடி, போல்ட்டை ஏற்றினான். ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்து பிராக்கெட்டின் பள்ளங்களில் படுக்க வைத்தான். கடைசி பிராக்கெட்டுக்காக அவன் காருக்குக் கீழே படுத்திருந்தபோது மேலே கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"யாரு?"

"நாந்தான் நைனா. கட்டைவெரல் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒரு பாட்டாவது கேக்கலாம்னு." பாயின் குரல்.

"பாய்! சாவியத் தொடாத!"

அதற்குள் பாய் திருப்பிவிட்டார்.

எட்டு சிலிண்டரும் ஒரே மூச்சில் எழுந்தன. தனபாலன் முழங்கை சிராய்த்துக்கொண்டு வெளியே உருண்டு வந்தான். கரகரப்பு முதலில் வந்தது, காய்ந்த வடாத்தின் மேல் யாரோ நடப்பது போல. அதற்குள்ளிருந்து கனைப்பு. அதற்குள்ளிருந்து குரல்.

"மாலை ஆறு மணிச் செய்திகள். மெக்கானிக் தனபாலனின் மனைவி தங்கம்."

அங்கே நிறுத்தி, யாரோ தாளைப் புரட்டினார்கள்.

"பாட்டே வர்ல. வெறும் கரகரப்பு," என்றார் பாய்.

தனபாலன் அவரைத் தள்ளிக்கொண்டு கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஓடியது. மறுபடி போட்டு மறுபடி திருப்பினான். ஓடியது. சாவியை உருவிக் கையில் எடுத்தான். சாவி அவன் கையில் ஆடியது, எஞ்சின் ஓடியது.

"உள்ள கார்பன் ஜாஸ்தி நைனா. சூட்டுல சுத்துது. நின்னுடும்."

நிற்கவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றினான். பெட்ரோல் குழாயைப் பிடுங்கினான். பெட்ரோல் அவன் காலடியில் கொட்டித் தீர்ந்தது. எஞ்சின் தாகமே இல்லாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. பாயின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"மெக்கானிக் தனபாலனின் மனைவி தங்கம், வயது முப்பத்தொன்று."

வயது. செய்தியில் வயதைச் சொல்கிற ஆட்கள் யாரும் அதற்கப்புறம் வீட்டுக்கு வருவதில்லை. விபத்து, தீ, கிணறு, எதுவானாலும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வயதை வைத்துவிட்டுத்தான் ஆளை எடுப்பார்கள்.

"மெக்கானிக் தனபாலனின் மனைவி தங்கம், வயது முப்பத்தொன்று, தன் கணவரின் கண் முன்னே."

அவன் பாயின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "பாய், உனுக்குப் புண்ணியமாப் போவும். மோர்ப் பந்தலுக்கு ஓடு. தங்கத்த இட்டுக்கினு நேரா அவ அக்கா ஊட்டுக்கு, மந்தைவெளிக்குப் போயிரு. ராத்திரி வரைக்கும் என் கண்ணுல படக்கூடாது. இங்க வரவே கூடாது. புரிதா?"

"இன்னா நைனா, சண்டையா?"

"போ பாய்!"

பாய் நகர்ந்தார். தகடுகளைத் தரையில் வரிசையாக வைத்திருந்த தனபாலன் அவற்றை எண்ணி, மறுபடி எண்ணி, கோணியை உதறினான். "பாய்! ஏழுதான் கீது. எட்டாவது எங்க?"

வாசலில் நின்று பாய் தலையைச் சொறிந்தார். "பளபளன்னு ஒண்ணு பெஞ்சிக்கடில கெடந்துச்சே, அதா? போன வாரம் உன் சம்சாரம் பெருக்கறப்ப எட்த்து பேரீச்சம்பழக்காரன்கிட்ட போட்டுச்சு. எனுக்குக் கூட நாலு பழம் குட்துச்சு. நல்ல பழம்."

அவர் போய்விட்டார். தனபாலன் ஏழு தகடுகளையும் அள்ளிக்கொண்டு எஞ்சின் பக்கம் திரும்பினான். தானும் அந்தப் பழத்தைத் தின்றது நினைவுக்கு வந்து வாய் கசந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து பத்து.

ஓடுகிற எஞ்சினில் தகடு மாட்டுவது, உறுமிக்கொண்டிருக்கிற நாய்க்குப் பல் விளக்கி விடுகிற மாதிரி. முன்னால் விசிறி சுழன்று சட்டையை உள்ளே இழுத்தது. எக்ஸாஸ்ட் குழாய் கை மயிரைப் பொசுக்கியது. முதல் தகட்டை வைத்து, காது வைத்த நட்டை இரண்டு விரலால் திருகி இறுக்கினான். ஒயர் சுளீரென்று அடித்தது. தோள்வரை ஏறி இறங்கியது. ஆனால் குரல் நகர்ந்தது. டாஷ்போர்டிலிருந்து சீட்டுக்கு அடியில் போய்விட்டது. இரண்டாவதை மாட்டியதும் காருக்குக் கீழிருந்து வந்தது. மூன்றாவதில் ஷெட்டின் பின்சுவருக்கு அப்பால். நான்காவதில் கால்வாய்க்குள்ளிருந்து, தண்ணீருக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி.

தனபாலனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வேலை செய்கிறது. தகடு வேலை செய்கிறது.

அந்தப் பக்கம் போனான். ஐந்து. கால்வாய்க்கு அக்கரை. ஆறு. ஆள் கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். ஏழாவது நட்டை இறுக்கும்போது விரல்கள் உரிந்து, நட்டில் ரத்தம் வழுக்கியது. குரல் மாட வீதி மேளத்துக்குள் முணுமுணுப்பாகக் கரைந்தது. காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும். தங்கம். வயது. கண் முன்னே. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் கூடவில்லை.

எட்டாவது ப்ளக் மட்டும் அந்தப் பக்கத்தின் பின் மூலையில் திறந்து கிடந்தது. ஐந்து நாற்பது.

பால் பவுடர் டின் ஒன்றை வெட்டினான். வளைத்தான். வைத்துக் கட்டினான். முணுமுணுப்பு ஒரே தாவலில் திரும்பி வந்து அவன் காதருகே கனைத்தது. டின்னைப் பிடுங்கி எறிந்தான். பீப்பாய்த் தகரம், பித்தளைத் தாள், பாயின் ஷெட்டிலிருந்து ஒரு மட்கார்டு துண்டு. ஒவ்வொன்றுக்கும் குரல் நெருங்கியது. சிரிக்கவில்லை, கோபிக்கவில்லை. நேரத்துக்கு வேலைக்கு வருகிற ஆளைப் போலப் பொறுமையாக நெருங்கியது. டாஷ்போர்டுக்கே வந்துவிட்டது.

"மாலை ஆறு மணிச் செய்திகள்."

ஐந்து ஐம்பத்திரண்டு.

தனபாலன் உள்ளங்கையை விரித்து ப்ளக்கின் மேல் பொத்தினான்.

வலி என்று அதைச் சொல்ல முடியாது. யாரோ அவன் கைக்குள் கையை விட்டு, சட்டையைப் போட்டுக்கொள்வது போலத் தோள்வரை மாட்டிக்கொண்டார்கள். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. கண்ணுக்குள் வெள்ளைப் பொறி. ஆனால் ரேடியோ அடங்கியது. முழுவதும். கரகரப்புகூட இல்லை. எஞ்சின் மட்டும் ஓடியது. தூரத்தில் சங்கு ஊதினார்கள்.

இப்படியே நின்றுவிடலாம். ஆறு மணி தாண்டும்வரை. விடிய விடிய. வேண்டுமானால் ஆயுசுக்கும்.

அப்போது அவன் கனைத்தான்.

அவனுக்குக் கனைப்பு வரவில்லை. ஆனால் கனைத்தான். அவன் வாய் திறந்தது. அச்சடித்த மாதிரித் தமிழில், நிதானமாக, அவன் நாக்கு சொன்னது:

"மெக்கானிக் தனபாலனின் மனைவி தங்கம், வயது முப்பத்தொன்று, தன் கணவரின் கண் முன்னே, கார் எஞ்சின் விசிறியில்"

மற்றக் கையால் வாயைப் பொத்தினான். தாடையை நெரித்தான். உள்ளே நாக்கு, பிடிபட்ட விரால் மீன் மாதிரி அடித்துக்கொண்டது.

"இன்னாய்யா, பாய் வந்து வராத வராதன்றாரு?"

ஷெட் வாசலில் தங்கம்.

கையில் மோர்ச் சொம்பு. முன்னால் எடுத்துப் போட்டிருந்த பின்னலில் இரண்டு முழம் மல்லி. கூட்டத்தில் கசங்கிய பட்டுப்புடவை. "எவளையாவது இட்டாந்து வச்சிக்கினு கீறியா? திருவிழாக் கூட்டத்துல பாய உட்டுட்டு வந்தேன், நானே பார்த்துக்கறேன்னு." சொல்லிச் சிரித்தாள். பிறகு அவனை நன்றாகப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

தனபாலன் தலையை ஆட்டினான். வராதே. போ. கண்ணால் கத்தினான். வாயைத் திறந்து கத்த முடியாது. திறந்தால் அது முந்திக்கொள்ளும்.

"ஷாக்கா? கரெண்டு புடிச்சிக்கிச்சா? ஐயோ, கைய எடுய்யா!"

சொம்பு கீழே விழுந்தது. மோர் பெட்ரோலோடு கலந்து ஓடியது. அவள் ஓடி வந்தாள். அவன் பக்கம் வர வழியில்லை. பெஞ்சும் கோணியும் தகரத் துண்டுகளும் வழியை அடைத்துக் கிடந்தன, எல்லாம் அவன் கொட்டி வைத்தவை. காரின் முன்பக்கம் வந்து நின்றாள்.

அவன் தலையை ஆட்டினான். ஆட்டினான். அவளைத் தள்ளிவிட வீசிய கால் காரில் மோதியது. எட்டவில்லை.

ப்ளக்கிலிருந்து கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. விரல்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

கண் முன்னே.

கண்ணை இறுக மூடிக்கொண்டான். பார்க்காவிட்டால் நடக்காது. பார்க்காவிட்டால் நடக்காது. அவள் வளையல் ஃபைபர் பாடியில் உரசியது. மல்லி வாசனை. தேங்காய் எண்ணெய் வாசனை. "இரு, நான் இழுக்கறேன்," என்றாள், மிக அருகில், எஞ்சினுக்கு மேல் குனிந்து. வாயைப் பொத்தியிருந்த உள்ளங்கை ரத்தத்தில் வழுக்கியது. ஒரு விரல் அகலம்தான். அது போதுமாயிருந்தது.

"தலைமுடி சிக்கி"

மறுபடி பொத்தினான்.

சத்தம் இல்லை.

எஞ்சின் இல்லை. மேளம் இல்லை. சங்கு இல்லை. கால்வாயில் தவளை இல்லை. அலறலும் இல்லை. அவன் காத்திருந்தான். அலறல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. காத்திருக்க முடியாமல் கண்ணைத் திறந்தான்.

தங்கம் எஞ்சினுக்கு மேல் குனிந்திருந்தாள். ஒரு கை அவனை நோக்கி நீண்டிருந்தது. பின்னல் விறைத்த கயிறாக, நேர்கோடாக, விசிறியின் இரண்டு இலைகளுக்கு நடுவே போயிருந்தது. கழுத்து அதோடு இழுபட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நெற்றித் தோல் முடியோடு இழுபட்டு மேலே தூக்கி நின்றது. விசிறி சுழலவில்லை. சரத்திலிருந்து அறுந்த மல்லிகைப் பூக்கள் எஞ்சினுக்கு மேலே காற்றில் நின்றன. விழவில்லை. மேலே போகவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டின் மேல் நின்றிருந்தது.

அவள் கண்கள் மட்டும் அசைந்தன. விசிறியைப் பார்த்தன. அவனைப் பார்த்தன. அவன் வாயைப் பொத்தியிருக்கும் கையைப் பார்த்தன, அதை எடு, ஏதாவது சொல் என்பது போல.

உள்ளங்கைக்குள் அவன் உதடுகள் அந்தக் கடைசி வார்த்தைக்காக மெல்லக் குவிந்துகொண்டிருந்தன.